துண்டு இருந்த இடம்

அன்று முதல்வர் அறையில் ஏழு பேர் இருந்தோம். கல்லூரி முதல்வர் ஏலவார்குழலி அம்மாள். கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் சிட்டிபாபு. நிர்வாகக் குழுவின் சார்பில் என் பங்காளி கலியாணசுந்தரம். அணியில் ஆடுகிற பையன் ராமராஜன். அடிபட்டுக் கிடக்கும் யேசுதாஸின் தாய் எஸ்தர். என் மகன் பாண்டியன். நான். என் பெயர் கோதண்டபாணி. வாலாஜாபாத்தில் முப்பத்தெட்டு வருஷம் அரிசி மில் நடத்தியவன். திருப்புட்குழியில் இறங்கி என் பெயரைச் சொன்னால் வீடுவரை கூட வந்து விட்டுப் போவார்கள். மேசைமேல் எஸ்தரின் போன் இருந்தது. யேசுதாஸின் குரல் அதற்குள் இருந்தது. அவனையும் சேர்த்தால் எட்டு.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நம் பக்கத்தில் கால்பந்து என்றால் நினைப்பது வேறு. இது அமெரிக்கக்காரர்கள் ஆடுவது. இரண்டு முனையும் கூர்ந்த பந்து. தலைக்கு இரும்புக் கம்பி வைத்த கவசம். தோளுக்கு மூட்டை மாதிரி ஒன்று. பந்தை வைத்திருக்கும் அணிக்குப் பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. மூன்றில் முடியவில்லையென்றால் நான்காவதில் பெரும்பாலும் யாரும் துணிவதில்லை. தவறினால் நின்ற இடத்திலேயே பந்து எதிரிக்குப் போய்விடும். அதனால் நான்காவதில் பந்தைத் தாங்களாகவே எதிரியின் எல்லைக்குள் தூர உதைத்துவிடுவார்கள். பன்ட் என்று அதற்குப் பெயர். அதற்கென்றே தனியாகப் பதினொரு பேர் உள்ளே வருவார்கள். அந்தப் பதினொரு பேருக்கு என் மகன் பாண்டியன் பயிற்சியாளன். சென்னையில் ஒரு கிளப்பில் கற்றுக்கொண்டு வந்து, வாலாஜாபாத் சாலையில் இருக்கும் இந்தப் பொறியியல் கல்லூரியில் உதவி உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தான். தலைமைப் பயிற்சியாளர் சிட்டிபாபு மற்றதையெல்லாம் பார்த்துக்கொள்வார். உதை சம்பந்தப்பட்ட எதுவும் பாண்டியன் பொறுப்பு.

எனக்கு அந்தப் பன்ட் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் கோயில் உற்சவத்தில் பல்லக்கின் முன்கொம்பு எங்கள் வீட்டுக்கு உரியது. வாசலில் தோளில் வாங்கினால் ஆற்று மண்டபம் போய்ச் சேரும் வரை வேறு வீட்டார் தோளுக்கு மாற்றுவதில்லை. என் தகப்பனார் நூற்று மூன்று டிகிரி காய்ச்சலோடு சுமந்தார். மண்டபத்தில் இறக்கிவிட்டுத்தான் விழுந்தார். என் வலது தோளில் இன்றும் ஒரு காய்ப்பு இருக்கிறது. சட்டை தைக்கிறவனுக்குத் தெரியும். பாண்டியனும் இருபது வயதிலிருந்து சுமக்கிறான். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, கையில் இருப்பதை எதிரிக்கு உதைத்துக் கொடுப்பதையே பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறான் என்றால் நான் வெளியே என்னவென்று சொல்வது?

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன். அவன் தட்டில் சோற்றை ஒதுக்கிவிட்டு விரலால் கோடு போட்டுக் காண்பித்தான்.

"பந்தை குடுக்கல நைனா. எடத்த வாங்குறோம். நம்ம வாசல்ல நின்னுக்கினு அவன்கிட்ட மாட்டினா ஒரே ஓட்டத்துல உள்ள பூந்துடுவான். ஒதச்சுட்டா நாப்பது கஜம் பின்னாடி போய் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அவன் நடந்து வரட்டும். நடக்க நடக்க தப்பு பண்ணுவான்."

அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உதைக்கிற பையன்தான் யேசுதாஸ். ஊர் மாகறல். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. பாலாற்று மணலில் பாண்டியன் அவனுக்குப் பயிற்சி கொடுப்பான். மணலில் பந்து உருளாது, விழுந்த இடம் குழியாகத் தெரியும். பந்து நாலு நொடிக்கு மேல் வானத்தில் நிற்க வேண்டும். அதற்குள் நம் ஆட்கள் ஓடிப்போய்ப் பிடிப்பவனை வளைத்துக்கொள்ள வேண்டும். எல்லைக் கோட்டு மூலையில் ஒரு கோணியை விரித்துப் போட்டு, பத்துக்கு எட்டு அதன்மேல் விழும்வரை விடமாட்டான். இரண்டொரு தடவை காரை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். மெலிந்த பையன். பந்தைக் கையிலிருந்து விடுகிறபோது மூச்சுப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணைச் சுருக்குவான். உதைத்த பிறகு பந்தைப் பார்க்க மாட்டான். பாண்டியன் முகத்தைத்தான் பார்ப்பான்.

அவன் தாத்தா, அதாவது எஸ்தரின் அப்பா, எங்கள் களத்தில் வேலை செய்தவர். என்னைச் சின்னய்யா என்பார். எதிரில் வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். யாரும் அவரைக் கட்டச் சொன்னதில்லை, அவராகத்தான் கட்டிக்கொண்டார் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எஸ்தர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். என்னைச் சார் என்பாள்.

பாண்டியனின் சைகைகள் துண்டை வைத்துத்தான். இறுதி ஆட்டத்தன்று காலையில், நான் கேட்காமலே, பெருமையாகச் சொன்னான். தோளில் இடப்பக்கம் கிடந்தால் இடது மூலைக்கு உதை. வலப்பக்கம் கிடந்தால் வலது மூலைக்கு. துண்டை எடுத்து இடுப்பில் கட்டினால் உதைக்கக் கூடாது. உதைப்பது போல நின்றுவிட்டுப் பந்தோடு ஓட வேண்டும். இந்த ஓட்டத்துக்குக் கோர்வை என்று பெயர் வைத்திருந்தார்கள். அணியில் பாதிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். சேலையின் உடலையும் கரையையும் பிணைக்கிற வேலையின் பெயர் அவர்கள் வாயில் சுலபமாக வந்தது. அதற்கு என்ன சைகை, எப்போது அது என்பது யேசுதாஸுக்கு மட்டும்தான் தெரிய வேண்டும் என்பது பாண்டியனின் ஏற்பாடு. முன்னால் நிற்கும் பத்துப் பேரும் எப்போதும்போல மறித்து நிற்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தால் யாராவது ஒருவன் உடம்பு காட்டிக் கொடுத்துவிடும்.

"பத்து பேருக்கும் தெரியாதுன்னா எதிரிக்கு எப்படி நைனா தெரியும்?" என்றான். எங்கள் முன்னால் யேசுதாஸின் தாத்தா துண்டை எப்படிக் கட்டினார் என்பது பாண்டியனுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

தை மாதக் கடைசி ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. பெங்களூரிலிருந்து வந்த அணி. சாமியானாவின் கீழ் முதல் வரிசையில் எனக்கு நாற்காலி, பக்கத்தில் கலியாணசுந்தரம். அவன் என் சித்தப்பா மகன். முன்கொம்பில் பாதி உரிமை தன் வீட்டுக்கு என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன். எங்களுக்கு நேர் முன்னால் பத்தடியில் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பாண்டியனின் முதுகு.

பாண்டியன் அன்று ஐந்து தடவை உதைக்க வைத்தான். ஐந்தும் அவன் நினைத்த இடத்தில் விழுந்தன என்று இப்போது எனக்குத் தெரியும். இரண்டு தடவை பெங்களூர்க்காரர்கள் தங்கள் வாசலிலேயே ஐந்து கஜத்தில் சிக்கிக்கொண்டு தவித்தார்கள். ஒரு தடவை அந்த அவசரத்தில் பந்தைத் தவறவிட்டு, நமக்கு ஏழு புள்ளி வந்தது. ஆனால் கூட்டத்துக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் நம் பையன் பந்தை அவர்களிடம் உதைத்துக் கொடுப்பதுதான் கண்ணில் பட்டது. பின்வரிசையில் ஊளையிட ஆரம்பித்தார்கள். கலியாணசுந்தரம் வேர்க்கடலைத் தோலைக் காலடியில் போட்டபடி, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினான்.

"இன்னா அண்ணாத்த, தோள்ல வாங்கினத மாத்திக் குடுக்காத வம்சம்னு சொல்லுவ. உன் புள்ள வாங்கினத வாங்கினத அவனுங்களுக்கே குடுத்துக்கினு இருக்கான். அடுத்த வருஷம் கொம்பையும் இப்படியே எங்க பக்கம் ஒதச்சு வுடச் சொல்லு."

பின்னால் சிரித்தார்கள். என் மில்லில் வேலை பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். நான் எழுந்து கயிறு வரை போனேன். நான்கு பகுதியில் மூன்றாவது முடிந்து இடைவேளை. பாண்டியன் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. நம் பையன்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தார்கள். அதை நான் கவனிக்காமலில்லை.

"இன்னொரு வாட்டி பந்தை அவனுங்க கையில குடுத்தீன்னா, என் பேரச் சொல்லிக்கினு இந்த ஊர்ல நடக்காத" என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ஆட்டம் முடிய இரண்டரை நிமிஷம் மீதி. பந்து நம் வாசலிலிருந்து இருபத்திரண்டாவது கஜத்தில். நான்காவது வாய்ப்பு, ஐந்து கஜம் தேவை. முன்னால் இருக்கிற அணி, தன் வாசலுக்கு இவ்வளவு அருகில், உதைப்பதைத் தவிர வேறு எதையும் செய்யாது. எனக்கே அது தெரிந்திருந்தது. காற்றுகூட நமக்குச் சாதகமாகப் பாலாற்றுப் பக்கமிருந்து அடித்தது. யேசுதாஸ் பதினைந்து கஜம் பின்னால் போய் நின்று இந்தப் பக்கம் பார்த்தான். துண்டு பாண்டியனின் இடது தோளில் கிடந்தது. பாண்டியன் ஒரு கணம் தலையைப் பாதி திருப்பினான். என்னைப் பார்க்கவில்லை, நான் இருக்கிற திசையைப் பார்த்தான். பிறகு துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

யேசுதாஸ் கொஞ்ச நேரம் அசையவில்லை. சரியாகத்தான் பார்த்தோமா என்று அவன் யோசித்திருக்க வேண்டும். பாண்டியன் முடிச்சை ஒரு தடவை இழுத்து இறுக்கினான். ராமராஜன் குனிந்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிந்தான். யேசுதாஸ் பிடித்து, உதைப்பதற்கு ஓரடி வைத்து, ஓடினான். கோட்டைத் தாண்டி மூன்று கஜம், நான்கு கஜம். ஒருவன் கீழே காலைப் பிடித்தான். இன்னொருவன் மேலே வந்தான். பையன் எட்டிவிட வேண்டும் என்று தலையைக் குனிந்து முன்னால் நீட்டினான். அந்தத் தலையில்தான் அடி விழுந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. மற்றவர்கள் எழுந்தார்கள். அவன் எழவில்லை. பந்து அவன் கை இடுக்கில் அப்படியே இருந்தது. அதை எடுக்கப் போன நடுவர் எடுக்காமல் நின்றுவிட்டார்.

ஒரு கஜம் குறைவு. இருபது நிமிஷம் கழித்து ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். தோற்றோம்.

கழுத்தெலும்பு முறிந்திருந்தது. சென்னையில் ஆபரேஷன் நடந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்றார்கள். மூன்று வாரம் கழித்து விசாரணை. அன்று காலை பாண்டியன் சட்டையை மாட்டிக்கொண்டே, தான் உள்ளதைச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னான். மருமகள் சந்தியா எட்டு மாதக் கர்ப்பம், கதவோரம் நின்றிருந்தாள். நான் சாவியை எடுத்தேன். நீ பேசாதே, நான் பேசுகிறேன் என்றேன்.

முதல்வர் ஏலவார்குழலி அம்மாள் கண்டிப்பானவர். நியாயமாக நடந்துகொள்ளவே பார்த்தார். சிட்டிபாபு, தான் எந்த உத்தரவும் கொடுக்கவில்லை, உதை விஷயம் பாண்டியனுடையது என்றார். ராமராஜன், தான் தலைகீழாகக் குனிந்திருந்ததால் பயிற்சியாளரைப் பார்க்க முடியாது என்றான்; சொல்லும்போது அழுதான். கல்லூரியின் வீடியோவில் பந்து இருந்தது, பாண்டியன் இல்லை. பிறகு எஸ்தர் போனை அழுத்தினாள். குரல் மெலிந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"கோச் துண்ட இடுப்புல கட்டினாரு மேடம். பாத்துட்டுதான் ஓடினேன். நானா ஓடல."

கலியாணசுந்தரம் ஒரு நோட்டை மேசைமேல் வைத்தான். பாண்டியனின் நோட்டு, அவன் அறை அலமாரியிலிருந்து எடுத்திருந்தார்கள். எந்த இடத்தில், எத்தனை கஜம் தேவையென்றால், என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு: 'நம்ம முப்பது கஜத்துக்குள்ள கோர்வை கிடையவே கிடையாது.' இப்படித் தன் கையால் எழுதி வைத்திருக்கிற ஒருவன் இருபத்திரண்டாவது கஜத்தில் ஓடச் சொல்வானா என்று கலியாணசுந்தரம் கேட்டான். கல்லூரியின் பெயரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது அவனுக்கு. என் வீட்டுக்காக அவன் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

முதல்வர் பாண்டியனைப் பார்த்தார். அவன் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். நான் அவனுக்கு நேர் பின்னால் பத்தடியில் உட்கார்ந்திருந்ததையும், எனக்கு எழுபத்தொரு வயதானாலும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பதையும் சொன்னேன்.

"துண்டு தோள்லதான் இருந்துச்சு" என்றேன். "பையன் சின்ன வயசு. கூட்டத்தைப் பாத்து ஒரு வேகம் வந்திருக்கும். யாரும் அவன ஓடச் சொல்லல."

அந்தக் கடைசி வாக்கியம் என் வாயில் தடங்கலே இல்லாமல் வந்தது. பழகிய வாக்கியம் மாதிரி இருந்தது. முதல்வர் எழுதிக்கொண்டார். பாண்டியன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். எஸ்தர் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கணக்குத் தப்பாக வந்தால் பிள்ளையை எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தாள்.

வெளியே படிக்கட்டில் அவள் நின்றாள். பாண்டியன் காரை எடுக்கப் போயிருந்தான்.

"சார், நான் உங்க புள்ள வேலைக்கு வேட்டு வைக்க வரல. காலேஜ்ல எதுவும் கேக்கவும் வரல" என்றாள். "அவன் திமிர்ல ஓடலன்னு ஒரு வார்த்த. அது போதும். ஆஸ்பத்திரியில கண்ண தொறந்தா அதையேதான் கேக்குறான். அம்மா, நான் தப்பா பாத்துட்டனா, தப்பா பாத்துட்டனான்னு. நான் இன்னா சொல்லட்டும்? நான் கிரவுண்டுல இல்லயே."

கார் வந்தது.

வாலாஜாபாத் தாண்டி, ரயில்வே கேட் அடைத்திருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாண்டியன் பேசினான்.

"கேப் இருந்துச்சு நைனா. அந்தப் பக்கத்து ஆளு நாங்க ஒதக்கறதுக்கு முன்னாலயே முதுகக் காட்டிக்கினு ஓடறத மூணு வாட்டி பாத்தேன். ஓடினா அஞ்சு கஜம் கிடைக்கும். கேப் இருந்துது." ரயில் போகும்வரை இருந்தான். "ஆனா ஒதச்சிருப்பேன். நீங்க வரலன்னா ஒதச்சிருப்பேன்."

அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. மாசி மாதம் வேலையை விட்டான். சந்தியாவைக் கூட்டிக்கொண்டு ஒரகடம் பக்கம் வாடகை வீட்டுக்குப் போனான். ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறானாம். பேத்தி பிறந்த செய்தி எனக்குச் சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது. பங்குனி உற்சவத்துக்கு அவன் வரவில்லை. முன்கொம்பில் அவன் இடம் காலியாக இருந்தது. கலியாணசுந்தரம் மகன் சரத்குமார் வந்து தோளைக் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் வேறு ஆள் இல்லை. ஆற்று மண்டபத்தில் இறக்கும்போது கலியாணசுந்தரம் என் பக்கத்தில் நின்று, விசாரணை அறிக்கை நல்லபடியாக வந்துவிட்டதாகச் சொன்னான். ஆட்டக்காரர் தன்னிச்சையாகச் செயல்பட்டார் என்று இருக்கிறதாம்.

சித்திரையில் யேசுதாஸை மாகறலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். காலை பத்து மணிக்குப் போனேன். அந்தத் தெருவுக்குள் நான் அதற்கு முன் போனதில்லை. வீட்டைக் கேட்டதும் காட்டினார்கள். கூட யாரும் வரவில்லை. எஸ்தர் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் வழிவிட்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

ஜன்னலோரம் கட்டில். தலையணை இரண்டு பக்கமும் அண்டை கொடுத்திருந்தது. முகம் பாதியாகிவிட்டது. போர்வைக்கு வெளியே பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. வலது பாதத்தின் மேல்புறத்தில், பந்து படுகிற இடத்தில், தோல் இன்னும் கறுத்துத் தடித்திருந்தது. என் தோளில் இருப்பதைப் போல ஒரு காய்ப்பு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார்" என்றான். "நீங்க கோச்சு பின்னாலயேதான உக்காந்திருந்தீங்க."

ஆமாம் என்றேன்.

"எனக்கு இப்பல்லாம் ரெண்டு மாதிரியும் தெரியுது சார். கண்ண மூடினா தோள்ல தெரியுது. தொறந்தா இடுப்புல தெரியுது." மூச்சு வாங்கினான். "எங்க இருந்துச்சு?"

பேசிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். வழியில் வாக்கியங்களைக்கூடத் தயார் செய்திருந்தேன். நான் எழுந்து நின்றேன். என் தோளில் துண்டு இருந்தது. வெளியே போகும்போது அது இல்லாமல் நான் போவதில்லை. அதை எடுத்தேன். அவன் கண் அதன் கூடவே வந்தது. இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து கட்டினேன். முதல் முடிச்சு நிற்கவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினேன். பிறகு, பாண்டியன் செய்தது போலவே, ஒரு தடவை இழுத்து இறுக்கினேன்.

யேசுதாஸ் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தான். மறுபடி மூடினான். எஸ்தர் சொம்போடு வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று எனக்குத் தெரியாது. என் இடுப்பைப் பார்த்தாள். தண்ணீரைக் கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

யேசுதாஸ் யாரும் சொல்லாமல் தானாக ஓடினான் என்று காஞ்சிபுரத்திலும் வாலாஜாபாத்திலும் பேசிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. துண்டு இடுப்பில் இருந்தது. நான் பார்த்தேன்.